ஆப்கானிஸ்தானைப் பிடித்தவர்களால் ஏன் அதைத் தக்கவைக்க முடியவில்லை?

நுழைவது அங்கே பெரிய பாடாக இருந்ததில்லை, தங்குவதுதான் பாடு. 1839 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை சண்டையின்றியே காபூலுக்குள் போனது. ஆனால் தலைநகர் விழுந்தால் நாடு பணியும் என்ற கணக்கு, பள்ளத்தாக்குக்கு ஒரு தலைவர் இருக்கும் மண்ணில் செல்லாது.

அந்தப் படையில் வீரர்களைவிடச் சமையற்காரர், ஒட்டகக்காரர் போன்றோரே அதிகம். இத்தனை பேருக்கும் உள்ளூரில் தானியம் வாங்க, காபூலில் விலை ஏறியது. மக்களின் கோபமும் ஏறியது. வெடிமருந்தும் துணைப்படையும் இந்தியாவிலிருந்து கணவாய்கள் வழியாகத்தான் வரவேண்டும். அந்த வழியைத் திறந்து வைத்திருந்தது பீரங்கி அல்ல, கணவாய்ப் பகுதியின் கில்சாய் பழங்குடித் தலைவர்களுக்குக் கொடுத்துவந்த பணம். 1841-இல் சிக்கனம் என்று அதைப் பாதியாகக் குறைத்தார்கள். உடனே கணவாய்கள் அடைபட்டன. தோல்வி அன்றே முடிவாகிவிட்டது என்பேன். போதாக்குறைக்கு உணவுக் கிடங்கை முகாமுக்கு வெளியே வைத்திருந்தார்கள். நவம்பரில் அதுவும் பறிபோனது.

1842 ஜனவரி 6-இல் சுமார் 16,000 பேர் காபூலைக் கைவிட்டு, பிரிட்டிஷ் படை இருந்த ஜலாலாபாத்துக்குப் பனியில் கிளம்பினார்கள். தூரம் ஏறக்குறைய 140 கி.மீ.தான். மேட்டிலிருந்து சுட்ட நீளக்குழல் ஜெசாயில் துப்பாக்கிகளின் எட்டு தூரம், கீழே இருந்த பிரிட்டிஷ் படையின் மஸ்கட் துப்பாக்கிகளுக்கு இல்லை. குளிரும் குண்டும் சேர்ந்து ஒரே வாரத்தில் படையை முடித்தன. 13-ஆம் தேதி ஜலாலாபாத்தை அடைந்த ஐரோப்பியர், மருத்துவர் வில்லியம் பிரைடன் ஒருவரே.