குலுக்குவதற்கு முன் குடத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். லீவில் தெருப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து போனில் ஷோடவுன் என்ற இணையதளத்தில் போக்கிமான் போட்டி நடத்துகிறார்கள். குலுக்கல் போலப் பெயர் எடுத்துத் தரும் ரேண்டம் ஜெனரேட்டரைத் தட்டினால் வருகிற ஆறுதான் அணி என்று விதி. இவனுக்கு வந்தவை மாஜிகார்ப், சன்கெர்ன், சாரிசார்ட், பட்டர்ஃப்ரீ, பிட்ஜாட், சான்ஸி. எதிர்வீட்டுப் பையனுக்கு மியூடூவும் கார்ச்சோம்பும் வந்திருக்கின்றன. மூன்று ஆட்டமும் தோற்றுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். ஜெனரேட்டர் ஏமாற்றுகிறதா? ஜங்ஷன் பக்கம் ஒருவர் 1,500 ரூபாய்க்கு ‘பேலன்ஸ்டு டீம்’ தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா அண்ணாச்சி?
- அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: வாங்காதீர்கள் அண்ணாச்சி. மற்றதெல்லாம் அப்புறம். அந்த 1,500 ரூபாய் முதலில் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

ஜெனரேட்டர் உங்கள் மகனை ஏமாற்றவில்லை. இன்றைக்கு போக்கிமான் இனங்கள் மொத்தம் 1,025. எந்த வடிகட்டலும் இல்லாமல் பொத்தானைத் தட்டினால் மாஜிகார்ப் வருவதற்கும் மியூடூ வருவதற்கும் ஒரே அளவு வாய்ப்புத்தான். ஆனால் உயிர், அடி, தற்காப்பு, வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள அடிப்படைப் புள்ளிகளைக் கூட்டினால் மாஜிகார்ப்புக்கு 200, சன்கெர்னுக்கு 180, மியூடூவுக்கு 680. வாய்ப்பு சமம், பலம் சமமில்லை. பையன்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டார்கள்.

பலம் மட்டும் பிரச்சினை இல்லை. உங்கள் மகனின் அணியை இன்னொரு தடவை பாருங்கள். சாரிசார்ட், பட்டர்ஃப்ரீ, பிட்ஜாட் மூன்றும் பறக்கும் வகை. மாஜிகார்ப் நீர் வகை. எதிராளி மின்சார அடி ஒன்றை வைத்திருந்தால் ஆறில் நாலு பேருக்கு இரண்டு மடங்கு சேதம். பாறை அடி வந்தால் சாரிசார்டுக்கும் பட்டர்ஃப்ரீக்கும் நாலு மடங்கு. களத்தில் நுழைபவரைக் குத்தும் ‘ஸ்டெல்த் ராக்’ கற்களைப் போட்டு வைத்துவிட்டால் சாரிசார்ட் களத்தில் கால் வைத்ததுமே பாதி உயிர் போய்விடும். மியூடூவே இல்லாமல் ஒரு பிகாச்சு வந்திருந்தாலும் பையன் திணறியிருப்பான். பேலன்ஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்: ஒரே அடியில் பாதி அணி சாயக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? பையன்கள் குலுக்குவதை விட வேண்டாம். அதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம். எதைக் குலுக்குகிறார்கள் என்பதை மாற்றினால் போதும். உத்திரமேரூர்க் குடவோலையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கண்ட பெயரையெல்லாம் குடத்தில் போட்டுவிடவில்லை. நிலம், வயது, படிப்பு, நடத்தை எல்லாம் பார்த்துத் தகுதி உள்ளவர்களின் ஓலையை மட்டும்தான் போட்டார்கள். பிறகுதான் ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதற்கும் முந்தியது நம்ம மானூர்க் கல்வெட்டு. சபையில் உட்கார யாருக்குத் தகுதி என்று அதிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் தெருப் பையன்கள் தகுதி பார்ப்பதை விட்டுவிட்டுக் குலுக்கலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பெரும்பாலான ஜெனரேட்டர்களில் வடிகட்ட வழி இருக்கிறது. மியூடூ போன்ற அபூர்வ வகைகளான லெஜண்டரி, மித்திக்கல் இரண்டையும் நீக்கச் சொல்லுங்கள். முழுதாக எவால்வ் ஆனவை, அதாவது இனி வளர்ந்து மாற அடுத்த உருவம் இல்லாதவை, மட்டும் வரட்டும். அப்புறம் ஆளுக்கு ஆறு என்று தட்டவே கூடாது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே போனில், எல்லாரும் பார்க்க, 60 பெயர் எடுத்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு தடவை வந்த பெயரை அடித்துவிட்டு வேறொன்று எடுங்கள். பிறகு தெருவில் கிரிக்கெட்டுக்கு ஆள் பிரிப்பது போலத்தான். சா பூ திரி போட்டு வரிசை முடிவு செய்து ஆளுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். முதல் சுற்று ஒன்றிலிருந்து எட்டு என்றால் அடுத்த சுற்று எட்டிலிருந்து ஒன்று. கடைசியாக எடுப்பவனுக்கு அடுத்தடுத்து இரண்டு கிடைப்பதால் அவனுக்கும் நஷ்டமில்லை. ஆறு சுற்றில் 48 போய் 12 மிஞ்சும். யாருக்காவது அணி படுமோசமாக அமைந்தால் அந்த 12-லிருந்து ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எடுக்கும்போது உங்கள் மகன் நோட்டில் 18 வகைகளையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். தன் அணியில் எந்த வகை அடி எத்தனை பேருக்கு இரட்டிப்பாக விழும் என்று கோடு போட்டு எண்ணட்டும். ஒரு வகையில் மூன்று கோடு விழுந்தால் ஆபத்து. நெருப்பு, நீர், புல் மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உடலால் அடிப்பவர்கள் மட்டுமே இருக்கக் கூடாது, ஸ்பெஷல் அடிக்கும் ஆள் வேண்டும். வேகமான ஒருவர், தாங்கி நிற்கும் ஒருவர். இவ்வளவு போதும். மெதுவான அணியை வைத்தே ஜெயிக்கும் தந்திரங்கள் எல்லாம் உண்டு, எட்டாம் வகுப்புக்கு இப்போது வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது உங்கள் மகன் கையிலேயே இருந்திருக்கிறது. சான்ஸி. முழுதாக எவால்வ் ஆகாதவற்றை நீக்கச் சொன்னேன் அல்லவா? சான்ஸி அந்த வகைதான், அடுத்தது பிளிஸ்ஸி. அதனால் அதையும் குப்பை என்று பையன் நினைத்திருப்பான். ஆனால் 2010-இல் வந்த பிளாக், வொயிட் ஆட்டங்களிலிருந்து ‘எவியோலைட்’ என்று ஒரு பொருள் இருக்கிறது. இன்னும் எவால்வ் ஆக வேண்டியிருக்கும் போக்கிமான் அதைக் கையில் வைத்திருந்தால் உடல் அடிக்கு ஒன்று, ஸ்பெஷல் அடிக்கு ஒன்று என்று உள்ள இரண்டு வகைத் தற்காப்பும் 50 சதவீதம் கூடும். கணக்கைப் பாருங்கள். லெவல் 100-இல், கூடுதல் பயிற்சிப் புள்ளி எதுவும் சேர்க்காமல், பிளிஸ்ஸியின் ஸ்பெஷல் தற்காப்பு 306. சான்ஸிக்கு 246. எவியோலைட் வைத்ததும் 369. உயிர் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே: 651, 641. அதாவது தாங்குவதில் தங்கை அக்காவை மிஞ்சுகிறாள். கூடவே ‘சாஃப்ட் பாயில்ட்’ என்ற மூவ் கொடுத்தால் போன உயிரில் பாதியளவு திரும்ப ஏறும். இல்லை, சரியாகச் சொல்கிறேன்: மொத்த உயிரில் பாதி ஏறும். ‘சீஸ்மிக் டாஸ்’ கொடுத்தால் லெவல் 100-இல் ஒவ்வொரு அடிக்கும் 100 சேதம். பேய் வகைமேல் மட்டும் அது செல்லாது.

இதைப் படித்துவிட்டு சன்கெர்னுக்கும் எவியோலைட் மாட்டிவிடப் போகிறான், சொல்லி வையுங்கள். சன்கெர்னின் எல்லா அடிப்படைப் புள்ளியும் 30தான். ஒன்றுமில்லாததில் 50 சதவீதம் கூட்டி என்ன வரப்போகிறது? சான்ஸி, போரிகான்2, டஸ்க்ளாப்ஸ் போல ஏற்கெனவே தாங்கும் உடம்பு இருந்தால்தான் அந்தப் பொருள் உதவும். அந்தச் சான்ஸியும் எதிராளி ‘நாக் ஆஃப்’ அடித்துப் பொருளைத் தட்டிவிடும் வரைக்கும்தான். சான்ஸி, போரிகான்2, டஸ்க்ளாப்ஸ் மூன்றும் வடிகட்டலில் போய்விடும் என்பதால், அந்த 60-க்குள்ளேயே அவற்றைக் கையால் நோட்டில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது அந்த 1,500 ரூபாய். ஷோடவுனில் அணி என்பது வெறும் எழுத்து. பெயர், பொருள், நாலு மூவ். அதை நகலெடுத்து ஒட்டினால் அணி தயார். தளமும் இலவசம். அதை 1,500-க்கு விற்பது தாமிரபரணித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பாபநாசத்துக்காரருக்கே விற்பது போல. போன வருஷம் பேட்டையிலிருந்து வந்த ஒரு பையன் 1,200 கொடுத்து வாங்கிய அணியை என்னிடம் காட்டினான். ஆறில் நாலு பேருக்குப் பனி அடி இரட்டிப்பு. அழகான டிராகன்களாக அடுக்கிக் கொடுத்திருந்தார் விற்றவர்.

கேம் கன்சோலில் ஆடும் பிள்ளைகளுக்கு விற்பவர்கள் இன்னும் மோசம். சாஃப்ட்வேரில் செய்த போக்கிமானை ‘எல்லாம் ஃபுல் ஸ்டாட்’ என்று தலையில் கட்டுவார்கள். 2023-இல் யோக்கோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் அப்படிப்பட்டவற்றை வைத்திருந்ததற்காகச் சில வீரர்களை வெளியே அனுப்பினார்கள். அவ்வளவு தூரம் போய், விமானச் செலவும் செய்து. சிலர் கணக்கின் பாஸ்வேர்டையே கேட்பார்கள், ‘நானே உள்ளே போய் ஏற்றித் தருகிறேன்’ என்று. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு போனால் உங்கள் போட்டோவும் மெயிலும் சேர்ந்து போகும். ஓடிபி கேட்டால் பேச்சையே நிறுத்துங்கள்.

இந்த ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்கள் வந்த 2022 முதல் அதிகாரபூர்வ விதித் தொகுப்பு ஏ, பி, சி என்று சில மாதத்துக்கொரு தடவை மாறிக்கொண்டே வந்தது. எது செல்லும், எது செல்லாது என்று அச்சடித்த மாதிரித் தமிழில் ஒரு பக்கம் கிடையாது. அம்பையில் இருக்கும் பிள்ளை யாரிடம் கேட்கும்? ‘எனக்குத் தெரியும், பணத்தைக் கொடு’ என்கிறவரிடம்தான் போகும். வருஷக் கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இவ்வளவு ஏற்பாடு முடியாது என்றால் ஷோடவுனிலேயே ‘ரேண்டம் பேட்டில்’ என்று ஒரு முறை இருக்கிறது. பலமானதற்கு லெவலைக் குறைத்து, பலவீனமானதற்குக் கூட்டி, ஒரே வகை குவியாமல் பார்த்து அதுவே அணி தரும். அவசரத்துக்கு அது நல்லது. ஆனால் தானே தேடி எடுத்த ஆறோடு தோற்றால்கூடப் பிள்ளை எங்கே தப்பு என்று நோட்டைப் புரட்டுவான். அதனால் என் ஓட்டு அந்த 60 பெயருக்குத்தான்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிடிக்கவில்லை என்று இன்னொரு தடவை தட்ட யாரையும் விடாதீர்கள். எதிர்வீட்டுத் தம்பி மியூடூ வருவதற்குள் எத்தனை தடவை தட்டினான் என்று யாரும் பார்க்கவில்லை அல்லவா? அடுத்த குலுக்கலுக்கு நீங்களே திண்ணையில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.