செருகிய வைஃபை கார்டை லினக்ஸ் காணவில்லை என்றால் எங்கிருந்து தேடுவது?

கேள்வி: ரைசன் செயலி உள்ள என் மேசைக் கணினியை அண்மையில் டெபியன் 11இலிருந்து 12க்கு மேம்படுத்தினேன். அதன் பின், பிசிஐஇ அடாப்டரில் பொருத்திய இன்டெல் வைஃபை கார்டு ஒன்றை வாங்கிச் செருகினேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஃபர்ம்வேரை, அதாவது கார்டுக்குள் இயங்கும் மென்பொருளை, தேடி நிறுவவும் முயன்றேன், பயனில்லை. வேறு லினக்ஸ் வகைக்கு மாற வேண்டுமா?

பதில்: மாற வேண்டாம். முதலில் தெரிய வேண்டியது, கார்டு மதர்போர்டின் கண்ணில் படுகிறதா என்பதுதான். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை, ஹைஃபன் என்என்கே என்ற விருப்பத்துடன் இயக்குங்கள். டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிசிஐ பஸ்ஸில், அதாவது மதர்போர்டில் கார்டுகள் இணையும் தடத்தில், பதில் தரும் எல்லாக் கருவிகளையும் அது தயாரிப்பாளர் எண்ணோடு காட்டிவிடும். இன்டெலின் எண் 8086. ஆனால் மதர்போர்டிலேயே இருக்கும் ஈத்தர்நெட் சில்லும் இன்டெலுடையதாக இருக்கக்கூடும் என்பதால், 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று குறிப்பிடும் வரியையே தேடுங்கள்.

அந்த வரி இல்லையென்றால் டிரைவரையும் ஃபர்ம்வேரையும் இப்போதைக்கு மறந்துவிடலாம். பஸ்ஸில் இல்லாத கருவிக்கு எந்த டிரைவரும் உதவாது. உங்கள் கணினியில் நான் முதலில் சந்தேகிப்பது கார்டின் மாதிரி எண்ணைத்தான். அடாப்டரில் உள்ள சிறிய எம்.2 கார்டின் லேபிளைப் படியுங்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை முழுமையான பிசிஐஇ கார்டுகள்; உங்கள் ரைசன் போன்ற ஏஎம்டி செயலி உள்ள கணினியிலும் இயங்கும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை சிஎன்விஐ என்ற முறையில் அமைந்தவை. இவற்றில் ரேடியோ பகுதி மட்டுமே கார்டில் இருக்கிறது. வைஃபையின் மற்ற முக்கியப் பகுதிகள் இன்டெலின் செயலியிலோ சிப்செட்டிலோ இருப்பதால், அதற்கென அமைந்த இன்டெல் கணினிகளில் மட்டுமே இவை இயங்கும். இரு வகையும் ஒரே துளையில் கச்சிதமாகப் பொருந்திவிடுவதுதான் வாங்குவோரை ஏமாற்றுகிறது. லேபிளில் 201 அல்லது 211 என்று இருந்தால் கார்டில் பழுதில்லை, லினக்ஸிலும் குறையில்லை. அதைக் கொடுத்துவிட்டு ஏஎக்ஸ்210 வாங்குவதுதான் தீர்வு.

லேபிள் சரியாக இருந்தும் வரி வரவில்லை என்றால், கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிய பின் கார்டை எடுத்து மீண்டும் அழுத்திச் செருகுங்கள், அடாப்டருக்குள் எம்.2 கார்டைப் பிடித்திருக்கும் திருகையும் பாருங்கள். பிறகு வேறொரு ஸ்லாட்டில் முயலுங்கள். பல மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் ஒரு பிசிஐஇ ஸ்லாட் செயலிழந்துவிடும். எந்த ஸ்லாட் என்பது கையேட்டில் குறிப்பிடப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பில் அந்த ஸ்லாட் முடக்கப்பட்டுள்ளதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

வரி இருந்து, அதன் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்பதற்கு நேரே ஐடபிள்யூஎல்வைஃபை என்ற இன்டெல் வைஃபை டிரைவரின் பெயரும் இருந்தும் வைஃபை வரவில்லை என்றால், அப்போதுதான் ஃபர்ம்வேர் பக்கம் திரும்ப வேண்டும். ஏஎக்ஸ்210க்கான ஆதரவு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 5.10 பதிப்பிலேயே வந்துவிட்டது, டெபியன் 12இல் இருப்பது 6.1. ஆகவே கர்னல் பழையது என்ற கவலை வேண்டாம். நீங்கள் 11இலிருந்து மேம்படுத்தியவர் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. டெபியன் 12இல் இத்தகைய ஃபர்ம்வேர்கள் 'நான்-ஃப்ரீ' பிரிவிலிருந்து 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவுக்கு மாற்றப்பட்டன. மென்பொருள் மூலங்களின் பட்டியலில் இந்தப் புதிய பிரிவைச் சேர்க்காதவர்களுக்குப் பழைய ஃபர்ம்வேரே தங்கிவிடும், அல்லது தொகுப்பே கிடைக்காது. பிரிவைச் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்து, ஐடபிள்யூஎல்வைஃபைக்கான ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவிய பின் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதன் பிறகும் சிக்கல் நீடித்தால், கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையுடன் இயக்கி, ஐடபிள்யூஎல்வைஃபை என்று வரும் வரிகளைப் படியுங்கள். பிழை எண் மைனஸ் 2 என்றால் கர்னல் தேடிய ஃபர்ம்வேர் கோப்பு கணினியில் இல்லை என்று பொருள்.

ப்ளூடூத் தனி வழியில் இயங்குகிறது. அது பிசிஐஇ வழியாக அல்ல, யுஎஸ்பி வழியாகச் செல்வதால், அடாப்டரோடு வந்த மெல்லிய கேபிளை மதர்போர்டில் உள்ள யுஎஸ்பி 2.0 ஹெடரில் (ஊசிகள் உள்ள இணைப்பில்) இணைக்க வேண்டும். அது எல்எஸ்பிசிஐ பட்டியலில் வராது. யுஎஸ்பி கருவிகளைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையின் பட்டியலில் 8087 என்ற எண்ணோடு வரும்.

சரியான மாதிரி, மாற்றிப் பார்த்த ஸ்லாட், சரிபார்த்த பயாஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறகும் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' வரி தோன்றவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் கார்டை இன்னொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் தெரியாவிட்டால் கார்டிலோ அடாப்டரிலோ பழுது இருக்கிறது. மாற்றித் தரும்படி கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.