சூத்திரம் தெரிந்தும் விடை தப்புவது ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். கார்ப்பரேட் ஃபைனான்ஸ் சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் கேஸ் ஸ்டடி என்று வந்துவிட்டால் என்.பி.வி. (நிகர இன்றைய மதிப்பு: வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பில் முதலீட்டைக் கழித்தது) தப்பாகவே வருகிறது. எங்கே இடறுகிறேன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெரும்பாலும் இடறுவது சூத்திரத்துக்கு முந்தைய படியில், கேஷ் ஃப்ளோவை, அதாவது ஆண்டுதோறும் உள்ளே வரும், வெளியே போகும் பணத்தை எழுதும்போது. ஒரு கணக்கைப் பென்சிலால் போட்டுப் பாருங்கள்.

இயந்திரம் 1000. ஆயுள் 5 ஆண்டு, தேய்மானம் ஆண்டுக்கு 200, கடைசியில் மிச்ச மதிப்பு இல்லை. ஆண்டு விற்பனை 800, ரொக்கச் செலவு 400, வரி 25 சதவீதம். நடப்பு மூலதனமாக (சரக்கு போன்றவற்றில் முடங்கும் பணம்) 100 தொடக்கத்தில் போய், 5ஆம் ஆண்டு முடிவில் திரும்புகிறது. மூலதனச் செலவு, அதாவது கடன் கொடுத்தவரும் பங்குதாரரும் சேர்ந்து எதிர்பார்க்கும் வருவாய் வீதம், 10 சதவீதம்.

800இல் 400உம் 200உம் போனால் 200. வரி 50, லாபம் 150. தேய்மானம் கையைவிட்டுப் போன பணமே இல்லை. வரி கணக்கிடத்தான் அதைக் கழித்தோம். திரும்பச் சேர்த்தால் 350. அதை 5 ஆண்டுக் காரணியான 3.791ஆல் (10 சதவீதத்தில், ஆண்டுக்கு 1 வீதம் 5 ஆண்டு வரும் பணத்தின் இன்றைய மதிப்பு) பெருக்கினால் 1327. திரும்பும் 100இன் இன்றைய மதிப்பு 62. இரண்டையும் கூட்டி, தொடக்கத்தில் போன 1100ஐக் கழித்தால் என்.பி.வி. 289.

லாபம் 150ஐயே கேஷ் ஃப்ளோ என்று வைத்தால் மைனஸ் 469 வரும். நல்ல திட்டம் குப்பைக்குப் போய்விடும்!

இன்னொரு பிழையைப் பிடிப்பது கடினம். திட்டத்துக்கு வாங்கிய 500 கடனுக்கு 8 சதவீத வட்டி 40. வரிச் சலுகை போக 30. அதையும் ஆண்டுதோறும் கழித்துவிடுகிறார்கள். என்.பி.வி. 175 ஆகச் சரிகிறது. கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது அந்த 10 சதவீதத்துக்குள்ளேயே இருக்கிறதே! ஒரே செலவை இரண்டு முறை எண்ணலாமா?

ஏற்கெனவே கட்டிவிட்ட ஆலோசனைக் கட்டணத்தைத் தொடவே வேண்டாம். திட்டத்தைக் கைவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது.

கையால் போட்டு முடித்த பிறகு எக்செல் திறங்கள். அதன் என்.பி.வி. ஃபங்ஷன் முதல் எண்ணை ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். தொடக்க முதலீட்டையும் அதற்குள் சேர்த்துக் கொடுத்தால் 289க்குப் பதில் 263 காட்டும். 1 முதல் 5 வரையுள்ள ஆண்டுகளை மட்டும் உள்ளே கொடுத்து, 1100ஐ வெளியே தனியாகக் கழியுங்கள்.