வாசகர் கேள்வி – பதில்: சுவரில் ஒட்டும் மைக்கும் டிரம்ஸும்

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டு அடி மாடி அறையில் என் மகன் வாசிக்கும் டிரம்ஸை ஒரே மைக்கை உயரமான ஸ்டாண்டில் வைத்துப் பதிவு செய்கிறோம். குடத்துக்குள் வாசித்ததுபோல் கேட்கிறது. பவுண்டரி மைக் ஒன்றைச் சுவரில் ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஒன்று போதுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நண்பர் சொன்ன வழி நல்ல வழிதான்; ஆனால் அது உங்கள் குறையில் ஒரு பங்கை மட்டுமே தீர்க்கும்.

உங்கள் மைக் கூரைக்கு ஓரடி கீழே நிற்கிறது என்று கொள்வோம். டிரம்ஸிலிருந்து நேரே வரும் ஒலி மைக்கைத் தொட்ட பிறகு, கூரையில் பட்டுத் திரும்பும் அதே ஒலி ஏறத்தாழ இரண்டடி கூடுதலாகப் பயணித்து, 1.8 மில்லிவிநாடி தாமதமாக வந்து சேர்கிறது. இந்தத் தாமதத்தால் 280 ஹெர்ட்ஸ், 840 ஹெர்ட்ஸ், 1400 ஹெர்ட்ஸ் எனப் பல அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று நலியச் செய்கின்றன. நீங்கள் கேட்கும் குடத்து ஒலிக்கு இது ஒரு முக்கியமான காரணம். பவுண்டரி மைக்கில் ஒலி வாங்கும் பகுதி பரப்பை ஒட்டியே இருப்பதால், நேரொலியும் அந்தப் பரப்பின் எதிரொலியும் ஒரே நேரத்தில் வந்து கூடுகின்றன. நலிவதற்குப் பதிலாக 6 டெசிபல் வரை வலுக்கின்றன. ஒலிப் பொறியாளர்களான எட் லாங், ரான் விக்கர்ஷாம் ஆகியோரின் இந்தக் கருத்தைத்தான் அமெரிக்காவின் கிரவுன் நிறுவனம் பி.இசட்.எம். (பிரஷர் ஸோன் மைக்ரோஃபோன்) என்ற பெயரில் பரப்பியது.

ஆனால் மைக் ஒட்டியிருக்கும் பரப்பின் எதிரொலி மட்டுமே இவ்வாறு அடங்கும். மற்ற சுவர்களும் தரையும் முன்போலவே எதிரொலிக்கும். இந்த மைக்கோ தன் முன்னால் உள்ள அரைக்கோளம் முழுவதையும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும். ஆகவே மைக்குக்குச் செலவிடும் முன், டிரம்ஸுக்கு அடியில் தடித்த ஜமுக்காளம் விரித்து, எதிர்ச்சுவரில் கனமான போர்வைகளையோ பஞ்சு மெத்தையையோ நிறுத்திவிட்டு, இப்போதுள்ள மைக்கிலேயே ஒருமுறை பதிவு செய்து கேளுங்கள்.

அதன் பிறகும் வாங்குவதானால், மைக்கைச் சிறிய பலகையில் பொருத்தாமல் சுவரிலேயே ஒட்டுங்கள். இரண்டடிச் சதுரப் பலகை ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளுக்குத் துணைசெய்யாது. அங்கே ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும். காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்மின் கனம் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. தரையில் வைத்தால் பெடலின் அதிர்வும் சேர்ந்து ஏறும் என்பதால், டிரம்ஸுக்கு நேர் எதிர்ச்சுவரையே நான் பரிந்துரைப்பேன். அந்தச் சுவரில் மைக்கைச் சுற்றி மட்டும் போர்வை வேண்டாம்.

ஒரே மைக்கில் முழு செட்டின் சமநிலையும் கிடைக்கலாம். கிக் டிரம்மின் அடி மட்டும் தெளிவாக விழாது. இயன்றால் இரண்டாவதாக ஒன்றை அந்த டிரம்முக்குள்ளேயே, தலையணையின் மேல் படுக்க வையுங்கள். ஷூர் பீட்டா 91ஏ இதற்கென்றே செய்யப்பட்டது. சுவர் மைக்குக்கு ஒலி சில மில்லிவிநாடிகள் பிந்தியே வரும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது அடி ஒலி மெலிந்தால், ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) மாற்றிப் பார்த்து, எதில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்ட அரங்கு மேசைகளுக்கான மலிவு மைக்குகளை வாங்கிவிடாதீர்கள். அவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஸ்நேர் என்னும் கூர்மையாக ஒலிக்கும் டிரம்மின் அடியிலேயே ஒலி சிதைந்துவிடும். 130 டெசிபலுக்கு மேல் தாங்கும் என்று குறிப்பேட்டில் இருக்கிறதா என்றும், அதற்கு வேண்டிய 48 வோல்ட் பாண்டம் பவரை (மைக் கேபிள் வழியே செல்லும் மின்சாரத்தை) உங்கள் ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் கருவி) தருகிறதா என்றும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.