கூழுக்கு ஆள் வேண்டும்

கேள்வி: வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி, ஞாயிறு யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிறோம். கோண்டாவில், சுன்னாகம், நெல்லியடி, பருத்தித்துறை என்று சொந்தமும் சிநேகிதமுமாக ஒன்பது வீடு. எங்கே போனாலும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள், மறுத்தால் மனவருத்தம். இந்த முறை எல்லாரையும் ஒரு ஹோட்டலுக்கு மதிய விருந்துக்குக் கூப்பிட்டு ஒரேயடியாகப் பார்த்துவிடலாமா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். உங்கள் மாமி நல்ல சேலை உடுத்து வந்து, பழக்கமில்லாத மேசையில் இருந்து, ஃப்ரைட் ரைஸை அளைந்துவிட்டுப் போவார். வீட்டு முற்றத்தில் வாய் ஓயாமல் கதைக்கிறவர் அங்கே நாலு வார்த்தை பேசமாட்டார். உங்கள் பிள்ளைகளுக்கு அவருடைய கிணற்றடியும் தெரியாது, குசினியும் தெரியாது.

அதற்காக ஒன்பது வீடும் ஏறி இறங்குங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் வில்லங்கம் சாப்பாடு அல்ல, அந்த ஒன்பதுதான். போன பங்குனியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு குடும்பம் இப்படி வந்தது. அம்மா விடிய எழும்பிப் பிட்டு அவித்து, கணவாய்க் கறி வைத்திருந்தார். வான் வாசலில் நிற்க, வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். "வந்ததே பெரிய விசயம்" என்றார் அம்மா. அந்தக் கறியை இரண்டு நாள் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

வற்புறுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாண நகரை அடுத்த வலிகாமப் பகுதியே எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது, முன்பின் தெரியாத ஆட்களுக்கு அங்கே உலை வைத்தார்கள். பொருளாதாரத் தடையில் சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்த சனம் இது. வந்தவரைப் பசியோடு அனுப்பக்கூடாது என்பதை அந்த நாட்களைக் கண்டவர்கள் உயிரில் வைத்திருக்கிறார்கள். அதைத் தொல்லை என்று எழுதாதீர்கள்.

போர்க் காலத்தில் ஒரே பயணத்தில் எல்லாரையும் பார்க்க ஓடியதில் நியாயம் இருந்தது. 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. இடையில் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் உண்டு. இன்று வெள்ளி இரவு ஏறினால் சனி விடிய இங்கே நிற்கிறீர்கள். இந்த முறை இரண்டு வீடு, அடுத்த முறை இன்னும் இரண்டு.

எல்லாரையும் ஒரே இடத்தில் காண ஆசையென்றால், சனி பின்னேரம் கோண்டாவில் முற்றத்தில் கூழ் காய்ச்சுங்கள். கூழ் இரண்டு பேருக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை. காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை நேரத்தோடு ஊறப்போட்டுக் கசப்பை வடிக்க வேண்டும். ஒருவர் நண்டு உடைக்க, ஒருவர் இறால் உரிக்க, ஒருவர் செத்தல் மிளகாய் அரைக்க, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி வெட்ட இன்னும் இரண்டு பேர். பழப்புளி எவ்வளவு விடுவது என்பதில் கட்டாயம் ஒரு சண்டை வரும், வரட்டும். கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்துகிற வேலையை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இருவர் மட்டும் மிஞ்சிய எத்தனையோ வீடுகளில் கூழ்ப்பானை பரணில் கிடக்கிறது. அதை இறக்க ஆள் வேண்டும். ஒன்பது வீட்டில் நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் வருவார்கள். ஹோட்டலுக்கு வர யோசிக்கிறவர்களும் கூழுக்கு வருவார்கள்.

நடக்க முடியாதவரிடம் ஞாயிறு காலை நீங்கள் போங்கள். பருத்தித்துறையில் அப்படி யாராவது இருந்தால் அதுதான் இரண்டாவது வீடு. அங்கே இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டு, மத்தியானம் வரை இருங்கள். நேரம் பார்க்க வேண்டாம்.

எந்த நாட்களில் வருகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்காத வீடுகள் இங்கே ஏராளம். அந்த நாட்களில் வந்தால் நண்டுக் கூழ் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். மரக்கறிக் கூழும் நன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம், "நேரம் கிடைத்தால் வருவோம்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அதைக் கேட்டவர் சமைக்கவும் முடியாது, சமைக்காமல் இருக்கவும் முடியாது. எந்த நாள், எந்த நேரச் சாப்பாடு, எத்தனை பேர் என்று புதன்கிழமைக்குள் மாமியிடம் தொலைபேசியில் சொல்லுங்கள். நண்டு வாங்குகிறவர் சனி விடியவே சந்தைக்குப் போக வேண்டும்.