கப உடம்புக்குத் தியானம் கைகூடாதா?

கேள்வி: 2024 இறுதியில் ஆயுஷ் அமைச்சகம் நாடு முழுவதும் நடத்திய, பிரகிருதி எனப்படும் பிறவி உடலியல்பை அறியும் பரிசோதனையில் எனக்குக் கபப் பிரகிருதி என்று வந்தது. சில மாதங்கள் கழித்து ஓர் ஆன்மிகச் சொற்பொழிவில், வாதம் ரஜோ குணம் (பரபரப்பு), பித்தம் சத்துவ குணம் (தெளிவு), கபம் தமோ குணம் (மந்தம்) என்றும், ஆகவே கப உடம்புக்காரர்களுக்குத் தியானம் எளிதில் கைகூடாது என்றும் சொன்னார்கள். 58 வயதில் விடியற்காலையில் எழுந்து உட்காரப் பழகிவரும் எனக்கு இது பெரிய மனச்சோர்வைத் தந்துவிட்டது. நூல்கள் அப்படித்தான் சொல்கின்றனவா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் விடியற்காலைப் பழக்கத்தை ஒரு நாளும் விட வேண்டியதில்லை.

சொற்பொழிவாளர் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சார்ங்கதர சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூல், வாயுவை ரஜோ குணம் கொண்டது என்றும், பித்தத்தைச் சத்துவம் மேலோங்கியது என்றும், கபத்தைத் தமஸ் மிகுந்தது என்றும் வருணிக்கிறது. ஆனால் அங்கே பேசப்படுவது வாத பித்த கபங்களாகிய தோஷங்களின் இயல்பு. அந்தத் தோஷம் மிகுந்து பிறந்த மனிதரின் தகுதி அன்று. அதே நூலில் மனிதர்களைப் பற்றிப் பேச வரும்போது, கபப் பிரகிருதிக்காரர் ஆழ்ந்த அறிவு உடையவர், பெருத்த உடலும் மிகுந்த வலிமையும் கொண்டவர், கனவில் நீர்நிலைகளைக் காண்பவர் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே நூலின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு இன்னொரு வரியை விட்டுவிட்டால் இத்தகைய வீண் கலக்கம்தான் மிஞ்சும்.

ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் இன்னும் தெளிவாகப் பேசுகிறார். அவர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயத்தின் சாரீர ஸ்தானம் 3ஆம் அத்தியாயத்தில் கபப் பிரகிருதியை விரிவாக வருணிக்கும் அவர், பசி, தாகம், துன்பம், வெயில் ஆகியவற்றால் எளிதில் வாடாதவர் என்று சொல்லிவிட்டு, அறிவுடையவர், சாத்துவிகர், சொன்ன சொல் தவறாதவர் என்று அடுக்குகிறார். தாமரை பூத்த, பறவைகள் வரிசையாக அமர்ந்த குளங்களையும் மேகங்களையும் அவர்கள் கனவில் காண்பார்கள் என்பதும் அங்கேயே வருகிறது. வாதக்காரர் வானில் பறப்பதாகவும், பித்தக்காரர் காட்டுத்தீயையும் மின்னலையும் காண்பதாகவும் சொல்லும் அந்த ஆசிரியர், சாத்துவிகர் என்ற பெயரைக் கபக்காரருக்கு வெளிப்படையாகக் கொடுத்திருக்கும்போது, அவரைத் தமோ குணத்தவர் என்று ஒதுக்குவது எப்படிப் பொருந்தும்?

ஆயுர்வேதத்தின் பழம்பெரும் ஆசிரியரான சரகர், தம் நூலின் விமான ஸ்தானம் என்ற பகுதியின் 8ஆம் அத்தியாயத்தில் சொல்லும் ஒரு நுட்பத்தையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். கபத்துக்கு அசைவின்றி நிலைத்திருக்கும் தன்மை உண்டு. அதனால் கபக்காரர் எதையும் சட்டென்று தொடங்க மாட்டார், அதே காரணத்தால் அவருக்குக் கலக்கமும் குறைவாகவே வரும் என்கிறார் அவர். படுக்கையை விட்டு எழுந்து உட்காரும்வரைதான் உங்களுக்குப் போராட்டம். உட்கார்ந்துவிட்டால், மற்றவர்கள் வருடக்கணக்கில் முயன்று பெறும் நிலைப்பில் ஒரு பங்கு உங்களுக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது.

அப்படியானால் பிரகிருதியின் ஆன்மிகப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். சரகரும், இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதரும் அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். வாத பித்த கபங்கள் உடலின் தோஷங்கள், ரஜஸும் தமஸும் மனத்தின் தோஷங்கள் என்று சரக சம்ஹிதை முதல் அத்தியாயத்திலேயே பிரித்துவிடுகிறது. சாரீர ஸ்தானம் 4ஆம் அத்தியாயத்தில் மன இயல்புகளை 16 வகையாக விரிக்கும்போது சத்துவத்தில் 7, ரஜஸில் 6, தமஸில் 3 என்று பகுக்கிறார்கள். வழிபாடு, கல்வி, விரதம், விருந்தோம்பல் ஆகியவற்றில் நாட்டமும், செருக்கும் வெறுப்பும் அடங்கிய மனமும் கொண்டவர் ஆர்ஷ இயல்பினர். சோம்பி, உணவு ஒன்றிலேயே குறியாக, அறிவுச் செயல் எதுவும் இன்றி இருப்பவர் வானஸ்பத்திய இயல்பினர். இந்த 16 வகைகளில் எதுவும் வாதத்தின் பெயராலோ பித்தத்தின் பெயராலோ கபத்தின் பெயராலோ அமையவில்லை என்பதை நன்றாகக் கவனியுங்கள். கப உடம்பில் ஆர்ஷ மனம் இருக்கலாம், பித்த உடம்பில் வானஸ்பத்திய மனமும் இருக்கலாம்.

நம் வள்ளுவரும் ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று வளி (வாதம்) முதலான மூன்றையும் ஒரே வரிசையில்தான் நிறுத்தினார். அவற்றுக்குள் உயர்வு தாழ்வு சொல்லவில்லை. ஒரு பரிசோதனை முடிவைக் காட்டி ஒருவரை இறைவழியிலிருந்து விலக்கிவைக்கும் பேச்சு எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கேள்வி: எனக்கு வாதப் பிரகிருதி. ஜபத்தில் உட்கார்ந்தால் மனம் நிற்பதில்லை. ஒவ்வொரு பிரகிருதிக்கும் தனித்தனி சாதனை உண்டா? இடைவிடாத சாதனையால் பிரகிருதியையே மாற்றிக்கொள்ள முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: பிரகிருதி கருவிலேயே அமைவது, வாழ்நாளில் அது மாறுவதில்லை என்பதே சுசுருதரின் முடிவு. நஞ்சில் பிறந்த புழுவை அந்த நஞ்சு கொல்லாததுபோல, பிறவியோடு வந்த தோஷம் அந்த மனிதரைப் பெரிதாக வருத்துவதில்லை என்றும் அவர் சொல்கிறார். அதனால் வாதத்தை மாற்றியே தீர வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

இன்ன பிரகிருதிக்கு இன்ன மந்திரம், இன்ன தியானம் என்று இன்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள். சரகம், சுசுருதம், வாக்படம் மூன்றிலும் அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. இன்றைய பட்டியல்கள் பிற்காலத்தவர் ஊகித்துச் சேர்த்தவை. ஊகிப்பதில் தவறு இல்லை, ஆனால் அதைச் சாத்திர விதி என்று சொல்லக் கூடாது. என் ஊகத்தையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். வாதக்காரர் கேட்டதை விரைவில் பிடித்துக்கொள்வார், விரைவில் மறந்தும்விடுவார் என்கிறார் சரகர். ஆகவே உங்களுக்குப் புதிய புதிய மந்திரங்கள் உதவ மாட்டா. ஒரே மந்திரம், ஒரே இடம், ஒரே வேளை, சிறிது நேரம் என்று வைத்துக்கொண்டு, நேரத்தைப் பின்னர் கூட்டலாம். வாதத்துக்குத் தைலம், பித்தத்துக்கு நெய், கபத்துக்குத் தேன் என்று வாக்படர் சொல்லியிருப்பதால், உடம்புக்கு ஒத்துக்கொண்டால் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உடலும் மனமும் ஒன்றை ஒன்று பின்பற்றுகின்றன என்பது சரகரின் வாக்கு. உடம்பின் வறட்சி அடங்கினால் அமர்வதும் எளிதாகும்.

மாறக்கூடியது மனம். அதன் தோஷங்களுக்கு ஞானம், விஞ்ஞானம் (சாத்திர அறிவு), தைரியம், ஸ்மிருதி (நினைவு), சமாதி (மன ஒருமை) என்ற ஐந்தையும் மருந்தாகச் சரகர் கூறுகிறார். ஆசார ரசாயனம் என்ற பகுதியில், உண்மை பேசுதல், சினம் கொள்ளாமை, கொல்லாமை, இன்சொல், ஜபம், தானம் ஆகியவற்றைக் கடைப்பிடிப்பவர் எப்போதும் ரசாயனம் (உடலைப் புதுப்பிக்கும் மருந்து) உண்பவருக்கு ஒப்பானவர் என்கிறார். அந்தப் பகுதியில் ஓரிடத்திலும் பிரகிருதி கேட்கப்படவில்லை.

கேள்வி: ஏகாதசி அன்று தண்ணீர்கூட அருந்தாமல் இருந்தால் மாலைக்குள் தலைவலியும் கோபமும் வந்து, வீட்டில் எல்லாரிடமும் எரிந்துவிழுகிறேன். பித்த உடம்பு என்கிறார் வைத்தியர். பக்தி போதாததால்தான் இப்படி என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: பித்தக்காரர் பசியும் தாகமும் மிகுந்தவர், உடல் வருத்தத்தைப் பொறுக்க இயலாதவர் என்று சரகர் எழுதியிருக்கிறார். இது உங்கள் பக்தியின் குறையன்று என்பதை மாமியாரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். பாலும் பழமும் எடுத்துக்கொண்டு ஏகாதசி இருக்கும் வழக்கம் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. நீங்களும் அப்படியே இருக்கலாம். விரதத்தால் பெற வேண்டிய மன அடக்கம் கோபத்தில் கரைந்துபோவதைவிட அது எவ்வளவோ மேல். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், சாப்பிடாமல் இருக்கும் நாளில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும் என்பதால், அடுத்த ஏகாதசிக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.