டிரெய்லரும் தொடக்கக் காட்சியும்

கேள்வி: டிரெய்லரைக் கைப்பேசியில் பலமுறை பார்த்துவிட்டு, ஆசையோடு பொள்ளாச்சிக்குப் பேருந்து ஏறிப் போய்ப் படம் பார்க்கிறோம். டிரெய்லரில் கண்ட வேகம் படத்தின் முதல் பத்து நிமிடங்களில் இருப்பதில்லை. சில வசனங்கள் படத்திலேயே இல்லை. இது ஏமாற்று இல்லையா?

– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: எல்லை தாண்டி வந்து படம் பார்க்கும் உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால், டிரெய்லர் பேசுவது இன்னும் டிக்கெட் வாங்காதவரிடம். ஒருவர் கேட்கும் கேள்விக்கு, வேறெங்கோ இன்னொருவர் சொன்ன பதிலை ஒட்டவைத்து, படத்தில் இல்லாத இசையையும் மேலே சேர்த்து, இரண்டு இரண்டரை நிமிடங்களில் அது நம்மை இழுத்தாக வேண்டும். தொடக்கக் காட்சி பேசுவதோ இருக்கையில் வந்து அமர்ந்துவிட்டவரிடம். ஊரையும் மனிதரையும் நிதானமாகக் காட்டி, பின்னால் வரப்போவதற்கு அது விதை ஊன்றலாம்.

உங்கள் பக்கத்துப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் வெளிவந்த மலையாளப் படமான 'த்ரிஷ்யம்', புதிய காவல் நிலையத்தில் நாயகன் அமர்ந்திருப்பதிலிருந்து தொடங்குகிறது. சண்டையோ சத்தமோ இல்லை. பார்க்கும்போது அது வெறும் காத்திருப்பு. அந்தக் கட்டடம் ஏன் முதலில் காட்டப்பட்டது என்பது கடைசி நிமிடங்களில் விளங்கும்போது உடல் சிலிர்த்துவிடுகிறது. இதை டிரெய்லரில் வைத்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். படத்தின் தொடக்கத்தில் வைத்ததால்தான் கடைசிவரை நம்மோடு வருகிறது.

வசனங்கள் காணாமல் போவதற்குக் காரணம் எளிது. படத்தொகுப்பு முடிவதற்கு முன்பே டிரெய்லர் வெட்டப்படுவது உண்டு; பிறகு நீளம் கருதிக் காட்சிகள் போய்விடும். இது நீதிமன்றம் வரை சென்ற விஷயம்தான். 2016இல் வந்த 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் காட்டிய பாடல் படத்தில் இல்லை என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடு வழங்க மாநில நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டிரெய்லரில் இருப்பதெல்லாம் படத்திலும் இருக்கும் என்று அது வாக்குக் கொடுப்பதாகாது என்றது. சட்டப்படி அது சரி. ஆனாலும், ஒரு பாடலையே முன்னிறுத்தி விளம்பரம் செய்துவிட்டுப் படத்தில் அதைத் தராமலிருப்பது ரசிகருக்குச் செய்யும் மரியாதை அல்ல என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த முறை பொள்ளாச்சிக்கு ஒரு பேருந்து முன்னதாகவே புறப்பட்டு, தணிக்கைச் சான்றிதழ் திரையில் தெரியும்போதே இருக்கையில் இருங்கள்.